இழுத்து நீட்டிய துகள்கள்: கேள்வி பதில்

ஆய்வு மாணவி: பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கின் நுண்ணுருண்டைகளை நீள்வட்டமாக்க எளிய வழி உண்டா?

உண்டு. பாலிவினைல் ஆல்கஹால் என்ற, நீரில் கரையும் பசையின் கரைசலில் உருண்டைகளைக் கலந்து, சிறிது கிளிசரின் சேர்த்து, தட்டில் ஊற்றிக் காயவையுங்கள். உரித்தெடுத்த படலத்தை இரு பிடிகளில் மாட்டி, 120 டிகிரி எண்ணெயில் அமிழ்த்தி, மெதுவாக இழுங்கள். பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரியில் இளகிவிடும்; படலத்தோடு உருண்டையும் நீளும். இழுத்தபடியே ஆறவிடுங்கள். கன அளவு மாறாது. எனவே 1 மைக்ரான் உருண்டையை இருமடங்கு இழுத்தால் நீளம் 2 மைக்ரான், தடிமன் 0.7; நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் 2 அல்ல, 2.8. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிறகு படலத்தை வெந்நீரில் கரைத்துத் துகள்களைக் கழுவுங்கள். திரும்பத் திரும்பக் கழுவுங்கள்.

இன்னொரு மாணவர்: எல்லாத் துகளும் ஒரே நீளத்தில் வரவில்லையே?

பிடிகளை ஒட்டிய பகுதி சீராக நீளாது. நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள்.

மருந்தியல் மாணவர்: வடிவம் மாறினால் செல்லுக்குத் தெரியுமா?

நன்றாகவே தெரியும். சாம்பியன், மித்ரகோத்ரி என்ற ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள்: விழுங்கு செல் (அந்நியத் துகள்களை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) நீள்வட்டத்தின் கூர்முனையைத் தொட்டால் விழுங்கிவிடுகிறது, தட்டையான பக்கத்தைத் தொட்டால் அதன்மேல் படர்ந்து நின்றுவிடுகிறது. துகள் ஒன்றுதான், தொட்ட இடம்தான் வேறு. கழுவாத துகளில் இதைச் சோதிக்காதீர்கள். செல் தொடுவது ஒட்டியிருக்கும் பசையைத்தான்.

தங்க நானோ கோல் செய்பவர்: கோல்களுக்குப் பதில் உருண்டைகளே வருகின்றன.

என் துறை அல்ல. கோல் வளர்க்கச் சேர்க்கும் சோப்புப் பொருளான சீடேப் (CTAB) புட்டியை மாற்றிப் பாருங்கள்; அதிலுள்ள அயோடைடு மாசு வளர்ச்சியையே மாற்றிவிடும்.

பூச்சுத் தொழிலில் இருப்பவர்: நீள்வட்டத் துகள் கலந்த துளி காய்ந்தால் காப்பிக் கறை வளையம், அதாவது துகள்கள் விளிம்பில் சேர்ந்து உண்டாகும் வளையம், வருவதில்லை என்கிறார்கள். வடிவமாவது ஒன்றாவது! கழுவாமல் விட்ட பசையின் வேலை அது.

என் ஆயுதத்தையே என்மேல் எறிகிறீர்கள். 2011இல் பென்சில்வேனியாவில் யோத் குழு செய்த சோதனை அது. நீள்வட்டத் துகள் நீர்ப்பரப்பை வளைக்கிறது. அந்த வளைவால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பரப்பிலேயே வலைபோல் பின்னிக்கொள்கின்றன. விளிம்புக்குப் போய்ச் சேருவதில்லை. பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சோப்புப் பொருளைச் சேர்த்ததும் வளையம் திரும்பிவிட்டது.

அவரே: பசை நுரையைக்கூட நிலைக்க வைக்குமே?

வைக்கும், பரப்பு இழுவிசையைக் குறைப்பதால். அப்படியானால் அது வளையத்தை வரவழைக்க வேண்டும், அழிக்கக் கூடாது. சந்தேகம் தீரவில்லையென்றால் இழுக்காத படலத்தில் கரைத்தெடுத்த உருண்டைகளையும் பக்கத்திலேயே காயவையுங்கள். பசை அதிலும் இருக்கும்; வளையம் வந்தால் காரணம் பசை அல்ல.

புதியவர்: கட்டாயம் கழுவ வேண்டுமா?

மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.