வயல்வெளி வழியே கடலோரத்துக்கு ஒரு சரளைப் பாதைப் பயணம்: நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: பல ஆண்டுகளாகத் தார்ச்சாலையில் சைக்கிள் ஓட்டி வருகிறேன். அண்மையில் 40 மில்லிமீட்டர் டயர் பொருத்திய கிராவல் பைக் (சரளை, மண் பாதைகளுக்கான சைக்கிள்) ஒன்றை வாங்கினேன். கிராமப்புறப் பாதைகள் வழியாகக் கடற்கரையை அடைந்து, கரையோரமாகச் சிறிது தூரம் சென்று, வேறு வழியாகத் திரும்பும் 70 கிலோமீட்டர் பயணம் ஒன்றைத் திட்டமிட விரும்புகிறேன். முன்பு ஒருமுறை செயலி வரைந்து கொடுத்த பாதையில் நண்பகலை ஒட்டிப் புறப்பட்டேன். கடலை நெருங்க நெருங்க எதிர்காற்று வலுத்தது. கரையோரத்தில் நெடுந்தூரம் மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க நேர்ந்தது. பாதையை எப்படித் தேர்ந்தெடுப்பது? டயரை மாற்ற வேண்டுமா?

பதில்: டயரை மாற்ற வேண்டியதில்லை, நீங்கள் புறப்பட்ட நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். உள்நாட்டுச் சரளைப் பாதை காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். கடலோரம் அப்படியன்று, காலையில் உறுதியாக இருந்த மணல்பரப்பு பிற்பகலில் தண்ணீருக்கு அடியில் போயிருக்கலாம், காற்றின் திசையும் தலைகீழாக மாறியிருக்கலாம். ஆகவே கடலோரப் பகுதியை எந்த நேரத்தில் கடப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு உள்நாட்டுப் பகுதியை அமைப்பதே சரியான முறை. பெரும்பாலோர் வரைபடத்தில் கோட்டை முதலில் வரைந்துவிட்டு நேரத்தைக் கடைசியில் யோசிக்கிறார்கள்.

முதலில் காற்று. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால், முற்பகலின் பிற்பகுதியில் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசத் தொடங்கிப் பிற்பகலில் உச்சத்தை எட்டுகிறது. இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால், விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மென்மையான காற்று வீசுகிறது. நீங்கள் நண்பகலில் கடலை நோக்கிச் சென்றதால் கடற்காற்றை நேருக்கு நேர் எதிர்கொண்டீர்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் அதே வேகமுள்ள எதிர்காற்றைச் சந்தித்தால், காற்று தரும் தடை காற்றில்லாத நேரத்தில் இருப்பதைப் போல நான்கு மடங்காகிறது. இதே பாதையில் விடியற்காலையில் புறப்பட்டு, முற்பகல் முடிவதற்குள் கடலோரத்தைக் கடந்து உள்நாட்டை நோக்கித் திரும்பினால், போகும்போது நிலக்காற்றும் வரும்போது கடற்காற்றும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பருவக்காற்றோ புயல் சின்னமோ வலுவாக உள்ள நாட்களில் இந்த ஒழுங்கு குலைந்துவிடும் என்பதால் முந்தைய இரவே காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். கரையை ஒட்டியே காற்று வீசும் நாளாக இருந்தால், உடல் தெம்பாக இருக்கும் முதல் பாதியில் எதிர்காற்று வரும்படி சுற்றும் திசையைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது கடலின் ஏற்றமும் வற்றமும். பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்ற நேரமும் வற்ற நேரமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகின்றன. அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாட்களை ஒட்டி நீர்மட்ட வேறுபாடு மிகுதியாக இருக்கும். கடல் வெகுதூரம் உள்வாங்கும், அதே அளவுக்கு மேலேறியும் வரும். ஏற்றம் சீரான வேகத்தில் நிகழ்வதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேர ஏற்றத்தில் மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டுமே மொத்த உயர்வில் பாதி நடந்துவிடுகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் மெதுவாக வருவதைப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைப்பவர்கள்தான் பாறைமுனைக்கும் அலைக்கும் இடையே மாட்டிக்கொள்கிறார்கள். மத்தியதரைக் கடல், பால்டிக் கடல் போன்றவற்றில் இந்த வேறுபாடு மிகச் சிறியது; கனடாவின் ஃபண்டி விரிகுடாவிலோ அது 15 மீட்டரையும் தாண்டுகிறது. எனவே ஏற்ற, வற்ற நேரங்களைக் காட்டும் உங்கள் கடற்கரைக்கான ஓத அட்டவணையையே பயன்படுத்துங்கள், பொதுக்கணக்கை நம்பாதீர்கள்.

உங்கள் 70 கிலோமீட்டரையே எடுத்துக்கொள்வோம்: உள்நாட்டில் 30, கரையோரம் 10, திரும்ப 30. வற்றம் காலை 9.30 மணிக்கு வரும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வற்ற நேரம் நாள்தோறும் தள்ளிப்போவதால் இரண்டு வாரத்துக்குள் அப்படி ஒரு நாள் பெரும்பாலும் அமையும். மண் பாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் முதல் 30 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம், நிறுத்தங்களுக்கு அரை மணி நேரம். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் 8.30 மணிக்குக் கரையை அடைவீர்கள். கரையோரத்தைக் கடக்கும் நேரம் முழுவதும் கடல் வற்றிக்கொண்டே இருக்கும் என்பதே இந்தக் கணக்கின் சிறப்பு. இடையில் டயர் பஞ்சரானாலும் தண்ணீர் உங்களைத் துரத்தாது.

இனி பாதையின் தரை. சரளை என்று எழுதியிருப்பதெல்லாம் சைக்கிளுக்கு ஏற்ற சரளை ஆகிவிடாது. உடைத்த கல்லுக்கு விளிம்புகள் உண்டு. அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகுவதால் சக்கரம் உருள்கிறது. அலை உருட்டி மழுக்கிய கூழாங்கற்கள் எவ்வளவு அழுத்தினாலும் இறுகாமல் நழுவிக்கொண்டே இருக்கும். கூழாங்கல் கடற்கரையை எந்த டயரைக் கொண்டும் ஓட்டிக் கடக்க முயலாதீர்கள். மணலிலும் இதே போன்ற வேறுபாடு உண்டு. அலை எட்டாத உலர்ந்த மணல் சக்கரத்தை விழுங்கும். தண்ணீர் மின்னும் அளவுக்கு ஊறிய விளிம்பும் பல இடங்களில் இளகியே இருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே, ஈரத்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டு கெட்டிப்பட்ட பட்டையே ஓட்டுவதற்கு உகந்தது. அந்தப் பட்டை அகலமாக அமைவது மென்மணல் கொண்ட, சரிவு குறைந்த கரைகளில்தான். செங்குத்தாகச் சரியும், பருமணல் நிறைந்த கரையைப் பாதையிலிருந்து நீக்கிவிட்டு, மணல்மேடுகளுக்குப் பின்னால் செல்லும் வண்டித்தடத்தை நாடுங்கள். மணல்மேடுகளின் மீது மட்டும் ஏறாதீர்கள். அங்குள்ள செடிகொடிகளின் வேர்கள்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. சக்கரத்தடம் அவற்றை அறுத்துவிட்டால் அந்த இடம் மீண்டு வர ஆண்டுகள் பிடிக்கும். ஆமைகளும் கரைப்பறவைகளும் முட்டையிடும் மாதங்களில் மணல் கரையை முற்றிலும் தவிர்த்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கரையில் சைக்கிள் ஓட்ட அனுமதி உண்டா என்பதையும், வயல்களுக்கு நடுவே செல்லும் தடம் பொதுவழிதானா என்பதையும் முன்னதாகவே உறுதி செய்துகொள்ளுங்கள்.

செயலி உங்களை ஏமாற்றியதற்குக் காரணம் எளியது. பல செயலிகள், தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைச் சார்ந்திருக்கின்றன. அதில் வண்டித்தடங்களை அவற்றின் உறுதியைப் பொறுத்து ஐந்து தரங்களாகப் பிரித்துக் குறிக்கும் வசதி இருக்கிறது. முதல் தரம் கெட்டியான தளம், ஐந்தாம் தரம் இளகிய மண். ஆனால் தன்னார்வலர்கள் எவரும் தரம் குறிக்காத தடங்கள் ஏராளம், அங்கே செயலி ஊகித்துக்கொள்கிறது. எனவே குறிப்பில்லாத ஒவ்வொரு பகுதியையும் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு சக்கரத்தடங்களும் நடுவே புல்லும் தெரிந்தால் பெரும்பாலும் ஓட்டிச் செல்லலாம். விளிம்பு தெளிவில்லாமல் வெளிறிப் பரவிக் கிடந்தால் அது மணல் என்று கொள்ளுங்கள். தள்ளிக்கொண்டு நடப்பவரின் வேகம் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர்தான். இரண்டு கிலோமீட்டர் மணல் அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன கணக்கு முழுவதையும் கெடுத்துவிடும். கரையோரத்திலிருந்து தார்ச்சாலைக்கு விலகிச் செல்லும் இரண்டு வழிகளையாவது வரைபடத்தில் குறித்துக்கொண்டு போங்கள்.

டயருக்கு வருகிறேன். 40 மில்லிமீட்டர் போதுமானது. தவறு பெரும்பாலும் காற்றழுத்தத்தில்தான் இருக்கிறது. தார்ச்சாலைப் பழக்கத்தில் நீங்கள் கூடுதலாகக் காற்றடித்திருக்கக்கூடும். சுமார் 75 கிலோ எடையுள்ளவர் ட்யூப்லெஸ் டயரில் முன்னால் 30, பின்னால் 33 பிஎஸ்ஐ அளவில் தொடங்கலாம். உள்ளே ட்யூப் இருந்தால் ஐந்து பிஎஸ்ஐ கூட்டுங்கள், இல்லையேல் கல்லில் மோதும்போது ட்யூப் நசுங்கிக் கிழியும். மணலுக்கு முன் மேலும் சில பிஎஸ்ஐ இறக்குங்கள், ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள். திரும்பும் வழியில் மறுபடி ஏற்ற ஒரு சிறிய பம்பும் அழுத்தமானியும் தேவை. மணலுக்குள் நுழையும் முன்பே எளிய கியருக்கு மாறி, உடல் எடையைப் பின்னால் வைத்து, கைப்பிடியை இறுக்காமல் சீராக மிதியுங்கள்; மணலுக்குள் திடீரெனத் திருப்பினால் முன்சக்கரம் புதைந்துவிடும்.

வீடு திரும்பிய அன்றே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு செயினை மட்டுமல்லாமல், அலுமினியமும் எஃகும் சந்திக்கும் இணைப்புகளையும் அரிக்கிறது. அழுத்தம் மிகுந்த நீர்ப்பீச்சியைத் தவிர்த்துவிடுங்கள்; அது உப்பையும் மணலையும் பேரிங்குகளுக்குள் தள்ளிவிடும். செயினை நன்கு உலர்த்திய பிறகே எண்ணெய் இடுங்கள். மணல் ஒட்டுவதைக் குறைக்க மெழுகு வகை மசகு பொருத்தமானது. ஈர மணல் பிரேக் பேடை விரைவில் தேய்த்துவிடும் என்பதால் அதன் கனத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.