அணையை உடைத்தவர்கள்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

போன ஞாயிறு வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ‘த டேம் பஸ்டர்ஸ்’ பார்த்தோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை ஜெர்மனியின் அணைகளைக் குண்டுபோட்டு உடைத்த உண்மைக் கதை; 1955-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். முடிந்ததும் வீட்டில் ஒரே சண்டை. பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வுபெற்ற என் மாமனார், “படம்னா இதுதான்” என்கிறார். பொறியியல் படிக்கும் மகன், குண்டு வெடித்துத் தண்ணீர் எழும்பிய இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். மகளோ, “அணைக்குக் கீழே இருந்தவங்க என்ன ஆனாங்க? அந்த நாயோட பேரு தப்புன்னு ஒருத்தருக்குமா தோணலை?” என்று கேட்டாள். எனக்குப் படம் பிடித்திருந்தது. அவளுக்குப் பதில் சொல்லத்தான் தெரியவில்லை. நீங்கள் எந்தக் கட்சி?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

மகன் சிரித்ததில் தப்பே இல்லை. அந்தத் தண்ணீர் படத்தின்மேல் ஒட்டவைத்த சோப்பு நுரை மாதிரிதான் இருக்கிறது. அதே படம் சிறப்புக் காட்சிகளுக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றது என்று சொல்லுங்கள், இன்னும் சிரிப்பான். ஆனால் ஏரிமேல் உரசுகிற மாதிரிப் பறப்பவை நிஜ லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள். அங்கேயும் சிரித்தானா?

நான் முக்கால்வாசி உங்கள் மாமனார் கட்சி. முதல் பாதியில் போர் எங்கே இருக்கிறது? பார்ன்ஸ் வாலிஸ் என்கிற பொறியாளர், வீட்டுக் கொல்லையில் தொட்டித் தண்ணீரில் கோலிக்குண்டைத் தத்தவிட்டுக்கொண்டிருக்கிறார். நாம் குளத்தில் ஓட்டாஞ்சில்லு விட்ட அதே வேலைதான். அணைக்கு முன்னால், நீருக்குள் பாய்ந்துவரும் டார்பிடோ குண்டுகளைத் தடுக்கும் வலைகள் இருந்தன. வாலிஸின் குண்டு அவற்றைத் தாண்டிக் குதித்துப்போய்ச் சுவரில் மோதி, சுவரை ஒட்டியே மூழ்கி, ஆழத்தில் வெடிக்க வேண்டும். இதைப் புரியவைக்க அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். சோதனைக்கு ஒரு வெலிங்டன் விமானம் வேண்டும், என்ன சொல்லிக் கேட்பது என்று ஓர் அதிகாரி இழுக்கும்போது, அதை வடிவமைத்ததே நான்தான் என்று சொல்லிப் பாருங்கள் என்பார் வாலிஸ். உங்கள் மாமனார் அந்த இடத்தில் சத்தமாகச் சிரித்திருப்பார். அரசுத் துறையில் கோப்பு நகர்த்தியவர்களுக்கு அது தனி ருசி.

மகனுக்கு ஒரு சேதி. குண்டு தத்திப்போனதன் சூட்சுமம், போடுவதற்கு முன்பே அதை நிமிடத்துக்கு 500 சுற்றுப் பின்னோக்கிச் சுழலவிட்டதில் இருந்தது. படத்தில் அது வராது. 1955-லும் குண்டின் அமைப்பு ராணுவ ரகசியம். உண்மையான சோதனைப் படச்சுருளைச் சேர்த்தவர்கள், குண்டின்மேல் கறுப்புப் பூசி மறைத்துவிட்டார்கள். நாடகக் கொட்டகை விளக்குகளைப் பார்த்து, விமானத்தின் இரண்டு விளக்கொளிகள் தண்ணீரில் ஒன்றுசேர்வதை வைத்து 60 அடி உயரத்தைச் சரியாகப் பிடிக்க, விமானப் படைப்பிரிவின் தலைவன் கிப்ஸனுக்கு வழி தோன்றுகிறதே, அது கதைக்காரர்கள் கைவேலை. நிஜத்தில் அது பெஞ்சமின் லாக்ஸ்பைசர் என்ற அரசு விஞ்ஞானியின் யோசனை.

கிப்ஸனுடைய நாயின் பெயர் விஷயம். கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் சொல் அது. தாக்கப்பட்ட அணைகளில் ஒன்றான மோனே உடைந்ததும் வானொலியில் அனுப்பவேண்டிய சங்கேதச் சொல்லும் அதுவேதான். அந்தப் படைப்பிரிவு ஆட்களுக்கு அது உறுத்தவே இல்லை என்பதும் வரலாறு. அதனால் அதை வெட்டி ஒளிபரப்புவது எனக்கு உடன்பாடில்லை. உங்கள் மகள் காதில் அது உறுத்தியதே, அது போதும்.

அவளுடைய முதல் கேள்விதான் பெரிது. 1943 மே 16 இரவு 19 விமானங்களில் 133 பேர் கிளம்பினார்கள். 8 விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள், 3 பேர் பிடிபட்டார்கள். மோனே, ஏடர் என்ற இரண்டு அணைகள் உடைந்தன. கீழே இறந்தவர்கள் 1,300 முதல் 1,600 வரை என்று கணக்குகள் சொல்கின்றன. அவர்களில் ஏராளமானோர் ஜெர்மானியரே இல்லை. நேஹைம் என்ற ஊரின் முகாமில் அடைபட்டிருந்த, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்ட பெண்கள். ஹிட்லரிடம் சிறைப்பட்டவர்களை ஹிட்லரை எதிர்த்தவர்களின் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மோனே அணையைச் சில மாதங்களிலேயே சரிசெய்துவிட்டார்கள். அணைகளைத் தாக்குவதற்குச் சர்வதேசச் சட்டம் கட்டுப்பாடு போட 1977 வரை ஆயிற்று.

படத்தில் வெள்ளம் சில நொடிகள் வருகிறது. முகாம் இல்லை. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. படம் முழுக்க வேலை மும்முரம்: விளக்கு எங்கே பொருத்துவது, எந்த உயரத்தில் பறப்பது, எத்தனை கஜ தூரத்தில் குண்டைப் போடுவது. நானும் அந்த மும்முரத்தில் மூன்று முறை படம் பார்த்தவன்தான். கீழே ஆள் இருப்பார்களே என்று மூன்று முறையும் எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மகளுக்கு முதல் தடவையே தோன்றியிருக்கிறது.

ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். வெற்றி முழக்கம் எதுவும் இல்லை. ஆளில்லாத அறைகள், தொடப்படாத சாப்பாட்டு மேசை. இத்தனை பேர் போய்விட்டார்களே என்று வாலிஸ் உடைந்துபோகிறார். 24 வயதுக் கிப்ஸன், தூங்குவதற்கு முன் சில கடிதங்கள் எழுத வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்துபோகிறான். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவனும் விமானம் விழுந்து செத்துப்போனான். வாலிஸுக்குப் போருக்குப் பின் கண்டுபிடிப்புக்காக அரசு 10,000 பவுண்டு கொடுத்தது. மொத்தத்தையும் தான் படித்த பள்ளிக்கே கொடுத்தார், விமானப்படையில் இறந்தவர்களின் பிள்ளைகள் படிப்பதற்காக.

நேஹைம் பற்றி உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அப்புறம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.