சிறிய இருநாட்டு வர்த்தகச் சங்கத்தின் ஆண்டு நிதி அறிக்கையை எப்படித் தயாரிப்பது? ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டால் போதாதா?

கேட்டவர், மலேசியாவோடு ஏற்றுமதி இறக்குமதி செய்யும் ஐம்பது அறுபது பேர் சேர்ந்து பதிவு செய்த ஒரு சங்கத்துக்குப் புதிதாகப் பொருளாளராகியிருக்கிறார். காரைக்குடியில் ஏறக்குறைய இதே அளவுள்ள, இதே நாட்டோடு தொடர்புள்ள ஒரு சங்கத்துக்கு ஏழு ஆண்டுகள் கௌரவப் பொருளாளராக இருந்திருக்கிறேன். நான் ஆடிட்டர் இல்லை. ஆனால் ஏழு முறை அந்த அறிக்கையைத் தயாரித்துப் பொதுக்குழுவில் நின்று பதில் சொன்னவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டால் போதாது. அவர் தம் முன் வைக்கப்படும் கணக்கைத் தணிக்கை செய்து கருத்துச் சொல்பவர். அந்தக் கணக்கைத் தயாரிக்கும் பொறுப்பு நிர்வாகக் குழுவுடையது, நடைமுறையில் பொருளாளருடையது. இருநாட்டுச் சங்கத்துக்கு இந்தப் பொறுப்பு சற்றுக் கூடுதலானது. ஏனென்றால் நம் வங்கிக் கணக்கில் மூன்று வகைப் பணம் ஒன்றாகக் கிடக்கிறது: சந்தா, வட்டி போன்ற நமக்கே உரிய பணம், உறுப்பினர்களுக்காக வாங்கி வேறொருவருக்குக் கட்டுவதற்காக நம் கையில் தங்கியிருக்கும் பணம், கடல் கடந்து வந்த பணம். இந்த மூன்றையும் 'வரவு' என்ற ஒரே தலைப்பில் போட்டுவிட்டால், கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருந்தும் அறிக்கை பொய் சொல்லும். இது என் இரண்டாம் ஆண்டில் நான் செய்த தவறு என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் நடக்கவிருந்த ஒரு வணிகக் கண்காட்சிக்கு எங்கள் உறுப்பினர்கள் பதினான்கு பேர் புறப்பட்டார்கள். ஆத்தங்குடிக் கல் செய்பவர், கண்டாங்கிச் சேலை அனுப்புபவர், பலகாரம் செய்து அனுப்பும் ஆச்சி ஒருவர் எனப் பலதரப்பட்டவர்கள். கடை வாடகைக்கும் பயணத்துக்குமாக ஆளுக்கு 45,000 ரூபாய் வீதம் 6,30,000 ரூபாய் மார்ச் மாதமே சங்கக் கணக்கில் சேர்ந்துவிட்டது. செலவோ ஏப்ரலில்தான். நான் அந்த முழுத் தொகையையும் மார்ச் 31-இல் முடிந்த ஆண்டின் வருவாயாகக் காட்டிவிட்டேன். 58 உறுப்பினர்கள் ஆளுக்கு 3,000 ரூபாய் சந்தா கட்டும் சங்கத்தின் இயல்பான ஆண்டு வருவாய் 1,74,000 ரூபாய். அந்த ஆண்டு மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் உபரி தெரிந்தது. தணிக்கையிலும் அது தப்பிவிட்டது. பொதுக்குழுவில் கைதட்டுக்கூட விழுந்தது.

அப்போது பலகார ஆச்சி எழுந்து, அறிக்கைத் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் கட்டுன நாப்பத்தஞ்சாயிரம் இதுல எந்த வரியில இருக்கு? அது எப்படி சங்கத்தோட லாபமாகும்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பயணத்தில் மிச்சமாகும் பணத்தைத் திருப்பித் தருவதாக நாங்களே சுற்றறிக்கை அனுப்பியிருந்தோம். அப்படியானால் மார்ச் 31 அன்று அது நாங்கள் அவருக்குத் தர வேண்டிய கடன். இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புகள் பக்கத்தில் 'உறுப்பினர்களிடமிருந்து பெற்ற முன்பணம்' என்று நிற்க வேண்டிய தொகை அது. பயணம் முடிந்தபின் ஒருங்கிணைப்புக்காகச் சங்கம் எடுத்துக்கொள்ளும் சேவைக் கட்டணம் ஆளுக்கு 2,000 ரூபாய் என்றால், அந்த 28,000 ரூபாய் மட்டுமே நமக்கு வருவாய். மறு ஆண்டு அறிக்கையில் 'முந்தைய ஆண்டின் பிழைத் திருத்தம்' என்று தனி வரியாகவே அதைச் சரிசெய்தோம். மறைத்துச் சரிசெய்யலாம் என்று யோசனை சொன்னவர்களும் இருந்தார்கள், நான் சம்மதிக்கவில்லை.

இந்த ஒழுங்கு செட்டிநாட்டுக்குப் புதிதும் இல்லை. என் அப்பச்சியை (அப்பாவை) பெற்ற ஐயா, இரண்டாம் உலகப் போருக்கு முன்பு மலேசியாவின் ஈப்போவில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது பொறுப்பாளருக்கு அடுத்த நிலை உதவியாளராக, இருந்தவர். மூன்றாண்டுக் கணக்குக்குப் போய் வரும் ஆட்கள், அங்கே வெள்ளியில் (அந்த நாட்டு நாணயத்தில்) நடந்த கொடுக்கல் வாங்கலுக்கெல்லாம் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுத்து ஊரிலிருக்கும் முதலாளிக்குக் காட்ட வேண்டும். கோயிலுக்கென்று ஒதுக்கும் மகமைப் பணம் பேரேட்டில் சாமி பெயரிலேயே தனிப் பற்றுவரவாக நிற்கும். கடைக்கு எத்தனை முடை வந்தாலும் அதை முதலாளியின் பணமாகக் காட்ட மாட்டார்கள். எடுத்துப் புழங்கினால் சாமிக்கு வட்டி வைத்து எழுதுவார்கள். கையில் இருப்பது யார் பணம் என்ற கேள்விக்கு அந்தப் பேரேட்டில் எந்தத் தேதியிலும் பதில் இருந்தது. நம் அறிக்கையிலும் அது இருக்க வேண்டும்.

அறிக்கையின் வடிவத்துக்கு வருவோம். பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு, வருவாய் மற்றும் செலவினக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, இவற்றுக்கான விளக்கக் குறிப்புகள் ஆகிய நான்கும் வேண்டும். முதலாவது ரொக்கமும் வங்கியும் எப்படி நகர்ந்தன என்று மட்டும் சொல்லும்; பல சிறு சங்கங்கள் அதோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவதில்தான் அடுத்த ஆண்டுக்காக முன்கூட்டிப் பெற்ற சந்தா விலக்கப்பட்டு, கொடுபட வேண்டிய செலவுகள் சேர்க்கப்பட்டு, அந்த ஆண்டின் உண்மையான உபரியோ பற்றாக்குறையோ தெரியவரும். ஆயுள் சந்தாவை வாங்கிய ஆண்டிலேயே வருவாயாக விழுங்கிவிடாமல் நிதியாக வைப்பது நல்லது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் முந்தைய ஆண்டின் எண்ணையும் அச்சிடுங்கள்.

அந்நியச் செலாவணிக்கு ஓர் எடுத்துக்காட்டு. காரைக்குடியில் நீங்கள் நடத்தும் கண்காட்சியில் ஒரு மலேசிய நிறுவனம் கடை எடுத்து, அதற்குக் கட்டணமாக 5,000 வெள்ளி (ரிங்கிட்) தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரியில் கணக்கில் எழுதும் நாளில் வெள்ளி 18.50 ரூபாய் என்றால் வருவாய் 92,500 ரூபாய். மார்ச் 31 வரை பணம் வராமல், அன்றைய விலை 18.90 ரூபாய் ஆகியிருந்தால், வர வேண்டிய தொகையை 94,500 ரூபாய் என்று காட்டி, 2,000 ரூபாயைச் 'செலாவணி மாற்ற ஆதாயம்' என்று தனியே எழுத வேண்டும். கணக்கியல் தரநிலை 11 சொல்லும் முறை இதுதான். பணம் வரும்போது வங்கி பிடிக்கும் கட்டணத்தைக் கண்காட்சிச் செலவில் கலந்துவிடாமல் வங்கிக் கட்டணம் என்றே எழுதுங்கள். வெளிநாட்டுப் பணவரவுச் சான்றையும் கேட்டு வாங்கி ரசீதோடு சேர்த்து வையுங்கள்.

மலேசியாவிலுள்ள சகோதரச் சங்கத்தோடு கணக்கை ஒத்துப்பார்ப்பதும் கட்டாயம். எங்களோடு தொடர்பிலிருந்த சங்கத்தின் கணக்காண்டு டிசம்பரில் முடிந்தது; நமக்கு மார்ச். அவர்கள் தங்கள் நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி பொதுக்குழு முடிந்த 60 நாட்களுக்குள் பதிவாளருக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். ஆகவே அவர்கள் அறிக்கையில் நம் பெயருக்கு நேரே நிற்கும் தொகையும் நம் அறிக்கையில் அவர்கள் பெயருக்கு நேரே நிற்கும் தொகையும் மூன்று மாத இடைவெளியால் வேறுபடும். ஜனவரி முதல் மார்ச் வரை நடந்ததை வரிசையாக எழுதி இரண்டையும் இணைக்கும் ஒரு பக்கத்தை இரு தரப்புப் பொருளாளர்களும் கையெழுத்திட்டு இணைத்துவிட்டால், இரு நாட்டிலும் உறுப்பினராக இருப்பவருக்கு வரும் குழப்பம் தீரும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது, 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். சேவைக்கு ஈடாக வழக்கமான வணிக முறையில் பெறும் கட்டணம் அந்தச் சட்டத்தின் பொருளில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. ஆகவே மேலே சொன்ன கடைக் கட்டணம் வேறு, அதே நிறுவனம் 'சங்கம் வளரட்டும்' என்று தரும் நன்கொடை வேறு. நன்கொடையை வாங்கச் சட்டப்படியான பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். பதிவு பெற்றிருந்தால், அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு அதில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதங்களுக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், எஃப்சி-4 என்ற ஆண்டு விவரப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு காசும் வராத ஆண்டிலும் அப்படியே.

நம் பகுதியில் இது உணர்வோடு கலந்த விஷயம். பள்ளத்தூரில் பிறந்து பினாங்கில் குடியேறிய உறவினர் ஒருவர், தம் சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணத்துக்கு) ஊருக்கு வந்தபோது, அலுவலகக் கட்டடத்துக்கென்று இரண்டு லட்சம் ரூபாய்க்குக் காசோலை எழுதி வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) எல்லோர் முன்னிலையிலும் என் கையில் கொடுத்தார். இந்திய வங்கி, இந்திய ரூபாய். ஆனால் அவர் மலேசியக் குடிமகன். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் எந்த நாணயத்தில் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பே. இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அப்படி ஆகாது. எங்களிடம் பதிவு இல்லாததால் மறுநாள் காலையில் காசோலையை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "நம்ம ஊருக்கு நான் வெளியாளா?" என்று அவர் கேட்டது இன்றும் எனக்கு வருத்தந்தான். ஆயினும் அதை வாங்கியிருந்தால் சங்கமே சிக்கலில் மாட்டியிருக்கும். அதன்பின் நன்கொடை ரசீதுப் புத்தகத்தில் குடியுரிமைக்கு ஒரு கட்டம் சேர்த்தோம். நீங்கள் முதல் நாளிலேயே சேர்த்துவிடுங்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்களையே தருகிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் செல்லுபடியாகும் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் எண்கள் வேறு. உறுப்பினர்கள் தங்களுக்குள் திரட்டித் தங்களுக்கே செலவிடும் சந்தாவுக்குப் பரஸ்பரத் தன்மைக் கோட்பாட்டின்படி வரி இல்லை. வங்கி வைப்புநிதி வட்டிக்கு அது பொருந்தாது. பெங்களூர் கிளப் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. உறுப்பினருக்குச் செய்யும் குறிப்பிட்ட சேவைக்கான கட்டணம் பிரிவு 28-இன்படி வணிக வருமானம். சந்தாவைவிட உறுப்பினர்களின் பொது நலனுக்கான செலவு மிஞ்சினால், அந்தப் பற்றாக்குறையை மொத்த வருமானத்தில் பாதி வரை கழித்துக்கொள்ளப் பிரிவு 44ஏ இடம் தருகிறது. சரக்கு மற்றும் சேவை வரியில், 20 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரம்பைத் தாண்டுகிறீர்களா என்பதை ஆண்டுதோறும் பாருங்கள். சங்கம் தன் உறுப்பினருக்குச் செய்வதையும் வரிக்குரிய வழங்கலாகக் கருதும் திருத்தம் 2021-இல் வந்தது. பயண முன்பணத்தை உங்கள் வருவாயாக எழுதினால் இந்த வரம்பும் அதனாலேயே தாண்டிப்போகலாம். உறுப்பினரின் முகவராக மட்டுமே பணம் கட்டினீர்கள் என்பதற்கு எழுத்துப்பூர்வமான ஒப்புதலும், அவரவர் பெயரிலான பில்லும் இருக்க வேண்டும். உபரியைச் சேவைத் தலைப்பு வாரியாகப் பிரித்து வைத்திருந்தால்தான் ஆடிட்டரால் இதையெல்லாம் செய்ய முடியும்.

விளக்கக் குறிப்புகளில் பெரும்பாலோர் விட்டுவிடும் ஒன்று, நிர்வாகிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல். சிறிய ஊர், செயலாளரின் குடும்பக் கட்டடத்தில்தான் அலுவலகம் இருக்கும், தலைவரின் நிறுவனம்தான் பயணச்சீட்டு எடுத்துத் தரும். அதில் தவறில்லை, யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு குறிப்பு இருக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் மாதம் 3,000 ரூபாய் வாடகையைப் பெயரோடு அச்சிட்டபோது முதலில் முணுமுணுப்பு எழுந்தது. மறு ஆண்டில் அந்த வாடகை சந்தை விலையைவிடக் குறைவு என்பதை உறுப்பினர்களே எடுத்துச் சொன்னார்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவான சங்கம், நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் மாவட்டப் பதிவாளருக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவானது என்றால், பொதுக்குழுவுக்கு ஆறு மாதம், அதிலிருந்து 30 நாட்களில் நிதி அறிக்கை, 60 நாட்களில் ஆண்டு விவரம் என்று கணக்கு வேறு. ஆறு மாதம் இருக்கிறதே என்று ஆகஸ்ட் வரை விட்டுவிடாதீர்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே வங்கியிலிருந்து மார்ச் 31 இருப்புச் சான்றும், சகோதரச் சங்கத்திடமிருந்து இருப்பு உறுதிக் கடிதமும், முன்பணம் கட்டிய ஒவ்வொரு உறுப்பினரிடமிருந்தும் 'என் பெயரில் இவ்வளவு இருக்கிறது' என்ற கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். நான் பொறுப்பிலிருந்த கடைசி ஐந்து ஆண்டுகளும் அந்தக் கையெழுத்தை ஆச்சியிடம்தான் முதலில் வாங்கினேன். ரசீதை எடுத்துவந்து எண்ணை ஒத்துப்பார்த்த பிறகே அவர் கையெழுத்துப் போடுவார்.