‘-ஸ்டர்’ விகுதி கொண்ட பழைய ஆங்கிலச் சொற்கள்: கேள்வி பதில்

வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ‘-ஸ்டர்’ என்று முடியும் சொற்களையே சுற்றி வந்தன. ஆகவே அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பொருள் தொடர்ச்சி கருதி வரிசைப்படுத்தி விடையளிக்கிறேன்.

கேள்வி: ஸ்பின்ஸ்டர் என்பது திருமணமாகாத பெண்ணையும், கேங்ஸ்டர் என்பது குற்றக் கும்பலைச் சேர்ந்தவரையும் குறிக்கின்றன. இரண்டிலும் இருப்பது ஒரே விகுதிதானா?

ஒரே விகுதிதான். பழைய ஆங்கிலத்தில் அது ‘-எஸ்ட்ரே’ என்ற வடிவில், ஒரு வினையைச் செய்யும் பெண்ணைக் குறிக்கும் பெண்பால் விகுதியாக இருந்தது. அதற்கு இணையான ஆண்பால் விகுதி ‘-எரே’. இன்று நாம் காணும் ‘-எர்’ அதன் வழியில் வந்ததே. பாடுபவன் ‘சங்கெரே’ என்றும், பாடினி ‘சங்கெஸ்ட்ரே’ என்றும், கள்ளுக்கடையில் மது ஊற்றிக் கொடுப்பவன் ‘டேப்பெரே’ என்றும், அதே வேலையைச் செய்யும் பெண் ‘டேப்பெஸ்ட்ரே’ என்றும் அழைக்கப்பட்டனர். ஆங்கிலத்தின் நெருங்கிய உறவுமொழியான டச்சு மொழியில் இந்த விகுதி இன்றும் பெண்பாலாகவே வாழ்கிறது. அங்கே எழுத்தாளர் ‘ஸ்கிரைவர்’ என்றால், பெண் எழுத்தாளர் ‘ஸ்கிரைஃப்ஸ்டர்’.

கேள்வி: இன்று முற்றிலும் மறைந்துவிட்ட ‘-ஸ்டர்’ சொற்கள் சிலவற்றைச் சொல்ல முடியுமா?

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசரின் கான்டர்பரி கதைகளில் மட்டுமே ஒரு கைப்பிடி கிடைக்கும். ஊர் ஊராகத் திரியும் துறவி ஒருவரை அறிமுகப்படுத்தும் இடத்தில், அவருக்குத் தொழுநோயாளிகளையும் ‘பெக்ஸ்டர்’களையும்விட விடுதிக்காரர்களையும் ‘டாப்ஸ்டர்’களையும் நன்றாகத் தெரியும் என்கிறார் சாசர். பெக்ஸ்டர் என்பது இரந்து உண்ணும் பெண். வேறொரு கதையில், கேளிக்கை விடுதியில் ஆடும் பெண்கள் ‘டம்ப்ஸ்டர்’ என்றும், அங்கே பழம் விற்க வரும் இளம்பெண்கள் ‘ஃப்ரூட்ஸ்டர்’ என்றும் குறிக்கப்படுகின்றனர். ஓயாமல் ஏசும் மனைவியைக் குறிக்கும் ‘சைட்ஸ்டர்’ என்ற சொல்லையும் அவர் ஆண்டிருக்கிறார். (சாசரின் எழுத்துமுறை இதிலிருந்து சற்று வேறுபடும், இங்கே எளிமைப்படுத்தித் தந்திருக்கிறேன்.)

தொழில்சார்ந்த சொற்களைப் பார்த்தால், கம்பளியைச் சீப்பால் வாரிச் சிக்கெடுப்பவர் ‘கெம்ப்ஸ்டர்’, துணியை வெட்டி ஆடை தைப்பவர் ‘ஷெப்ஸ்டர்’, துணியை வெளுப்பவர் ‘விட்ஸ்டர்’. இந்தக் கடைசிச் சொல்லை ஷேக்ஸ்பியரின் விண்ட்சர் நகரத்து மனைவியரைப் பற்றிய நகைச்சுவை நாடகத்தில் காணலாம். அழுக்குத்துணிக் கூடையில் ஒளிந்துகொள்ளும் ஃபால்ஸ்டாஃப், தேம்ஸ் ஆற்றங்கரைப் புல்வெளியிலுள்ள விட்ஸ்டர்களிடம் செல்லவேண்டிய துணிகளோடு சேர்த்துத் தூக்கிச் செல்லப்படுகிறார்.

நூற்பு, நெசவு, சாயம், வெளுப்பு, தையல் என ஆடைத்தொழிலின் ஏறத்தாழ ஒவ்வொரு படியிலும் பெண்பால் விகுதி பெற்ற ஒரு சொல் இருந்திருக்கிறது என்பதே என்னை இந்தப் பட்டியலில் மிகவும் ஈர்ப்பது. கணக்கேடுகளிலும் கைவினைஞர் சங்கங்களின் பதிவுகளிலும் பெயர் பதியப்படாமல் உழைத்த பெண்களுக்கு இந்தச் சொற்களே சான்றாக நிற்கின்றன.

கேள்வி: என்னோடு பணியாற்றும் ஒருவரின் குடும்பப் பெயர் வெப்ஸ்டர். அவருடைய மூதாதை ஒரு நெசவுப் பெண் என்று கொள்ளலாமா?

கொள்ளலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல இயலாது. வெப்ஸ்டர் நெய்பவரையும், பாக்ஸ்டர் அப்பம் சுடுபவரையும், ப்ரூஸ்டர் மது வடிப்பவரையும், டெக்ஸ்டர் சாயம் தோய்ப்பவரையும், ஸ்காட்லாந்தில் வழங்கும் சாங்ஸ்டர் பாடுபவரையும் குறித்த சொற்கள். 1828இல் அமெரிக்க ஆங்கில அகராதியை வெளியிட்ட நோவா வெப்ஸ்டரும், கலைடாஸ்கோப்பை உருவாக்கிய ஸ்காட்லாந்து அறிவியலாளர் டேவிட் ப்ரூஸ்டரும் இத்தகைய தொழிற்பெயர்களைத் தாங்கியவர்களே.

ஆயினும் இடைக்கால ஆவணங்களில், குறிப்பாக இங்கிலாந்தின் வடபகுதியில், ஆண்களும் இப்பெயர்களால் குறிக்கப்பட்டிருக்கின்றனர். இன்னும் பின்னோக்கிச் சென்றால், விவிலியத்தின் முதல் நூலைப் பழைய ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, யோசேப்போடு சிறையில் இருந்த, எகிப்திய மன்னனுக்கு அப்பம் சுட்ட ஆணையே ‘பேக்கெஸ்ட்ரே’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த விகுதியின் பெண்பால் தன்மை தொடக்கக் காலத்திலேயே சில தொழிற்பெயர்களில் நெகிழ்ந்திருந்தது என்பதை மறுக்க முடியாது. தென்னிங்கிலாந்தில் அது பெண்பாலாக நெடுங்காலம் நின்றது. வடக்கில் விரைவில் பொதுப்பாலாயிற்று. குடும்பப் பெயரை மட்டும் வைத்து முன்னோரின் பாலை முடிவுசெய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: பெண்பால் விகுதி எப்படி ஆண்களுக்கும் உரியதாயிற்று?

இரண்டு காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலாவது இலக்கணம் சார்ந்தது. 1066இல் நார்மன் படையெடுப்புக்குப் பிறகு பிரெஞ்சுச் சொற்கள் பெருவாரியாக நுழைந்தபோது, அவற்றோடு வந்த ‘-எஸ்’ என்ற பெண்பால் விகுதி நிலைபெற்றுவிட, பழைய விகுதி எதைக் குறிக்கிறது என்ற உணர்வு மங்கத் தொடங்கியது. எந்த அளவுக்கு மங்கியது என்பதற்குத் தையற்காரியைக் குறிக்கும் ‘சீம்ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லே போதும். ‘சீம்ஸ்டர்’ என்பதே பெண்ணைக் குறித்த சொல்லாக இருந்தும், அதன்மேல் பிரெஞ்சு விகுதியையும் ஏற்றி இரட்டைப் பெண்பாலாக்கினார்கள். பாடகியைக் குறிக்கும் ‘சாங்ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லும் அவ்வாறு பிறந்ததே.

இரண்டாவது, தொழில்கள் கைமாறியது. இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு மது வடித்தல். இடைக்கால இங்கிலாந்தில் ‘ஏல்’ என்னும் தானிய மது அன்றாடப் பானமாக இருந்தது. அது சில நாள்களிலேயே புளித்துக் கெட்டுவிடும் என்பதால், வீட்டுத் தேவைக்கு வடித்த பெண்கள் மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் விற்று வந்தனர். 15ஆம் நூற்றாண்டில், ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களைச் சேர்த்து வடிக்கும் பீர், கடலுக்கு அப்பாலுள்ள டச்சு மொழிப் பகுதிகளிலிருந்து வந்து பரவியது. ஹாப்ஸ் மதுவைக் கெடாமல் காப்பதால் அதைப் பெருமளவில் வடித்துச் சேமிக்கவும் தொலைவுக்கு அனுப்பவும் முடிந்தது. அதற்கு முதலும் பெரிய கொப்பரைகளும் கூலியாட்களும் தேவைப்பட்டன. அவற்றைத் திரட்டும் வாய்ப்பு ஆண்களுக்கே கூடுதலாக இருந்ததால், தொழில் அவர்களிடம் சென்றது. ஆனால் பெயர் மட்டும் தங்கிவிட்டது. மதுக்கடைகளுக்கு உரிமம் வழங்க நீதிபதிகள் ஆண்டுதோறும் கூடிய அமர்வு, அண்மைக்காலம்வரை இங்கிலாந்தில் ‘ப்ரூஸ்டர் அமர்வு’ என்றே வழங்கியது; 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் அந்தப் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடம் மாற்றியது.

கேள்வி: அப்படியானால் ஸ்பின்ஸ்டர் மட்டும் ஏன் பெண்ணையே குறித்து நின்றது?

நூல் நூற்பது ஆண்களிடம் கைமாறாமல் நெடுங்காலம் பெண்களின் வேலையாகவே இருந்ததுதான் காரணம். ஒரு தறிக்கு ஓய்வில்லாமல் நூல் கொடுக்கப் பலர் நூற்க வேண்டியிருந்ததால், ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் பெண்கள் கதிர் சுழற்றினார்கள். ஆவணங்களில் ஒருவரின் பெயரோடு தொழிலையும் எழுதும் வழக்கப்படி பெண்களின் பெயரை அடுத்து ஸ்பின்ஸ்டர் என்று எழுதினார்கள். மணமானவளை இன்னாரின் மனைவி என்றும், கணவனை இழந்தவளைக் கைம்பெண் என்றும் குறித்துவிட்டதால், மணமாகாதவளுக்கே இந்தச் சொல் எஞ்சியது. 17ஆம் நூற்றாண்டில் இது சட்டப்படியான குறிப்பாகவே ஆகிவிட்டது. பிற்காலத்தில் ஏளனப் பொருளும் ஏறியது. தன் உழைப்பால் பிழைத்த பெண்ணைக் குறித்த சொல்லுக்கு இப்படி நேர்ந்தது எனக்கு வருத்தம் தருவது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமணப் பதிவேடுகளில் இச்சொல்லை எழுதும் வழக்கம் 2005இல் கைவிடப்பட்டது.

கேள்வி: மாஸ்டர், சிஸ்டர், ஹாம்ஸ்டர் ஆகியவற்றிலும் இதே விகுதிதான் உள்ளதா?

இல்லை. மாஸ்டர் லத்தீன் வழி வந்தது, சிஸ்டர் ஜெர்மானிய உறவுப்பெயர், ஹாம்ஸ்டர் ஜெர்மன் மொழியிலிருந்து பெற்ற விலங்குப் பெயர்.

கேள்வி: பிற்காலத்துச் சொற்கள் பலவற்றில் இழிவுப் பொருள் தொனிப்பது ஏன்?

16ஆம் நூற்றாண்டு முதல் இவ்விகுதி தொழிலைக் காட்டிலும் ஆளின் இயல்பைச் சுட்டப் பயன்பட்டது. சூதாடி ‘கேம்ஸ்டர்’, மட்டமான செய்யுள் கட்டுபவன் ‘ரைம்ஸ்டர்’. ஷேக்ஸ்பியர் ஒழுக்கங்கெட்டவர்களை ‘லூட்ஸ்டர்’ என்கிறார். தன் வாளை ஓர் அற்பப் பயல்கூடப் பறித்துவிடுகிறானே என்று மனம் நொந்து பேசும் அவருடைய நாடகத் தலைவன் ஒதெல்லோ அந்தப் பயலை ‘விப்ஸ்டர்’ என்கிறான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றிய கேங்ஸ்டர் இந்த வரிசையில் இயல்பாகப் பொருந்திக்கொண்டது. ஆனால் இளைஞரைக் குறிக்கும் ‘யங்ஸ்டர்’ இந்த இழிவிலிருந்து தப்பியது.

கேள்வி: தொழிற்பெயராகவே இன்றும் பிழைத்திருப்பவை உண்டா?

சில உண்டு. தானியத்தை முளைகட்டி உலர்த்துபவர் ‘மால்ட்ஸ்டர்’, பட்டு நூலை முறுக்கேற்றுபவர் ‘த்ரோஸ்டர்’. அமெரிக்காவில் வண்டிமாடுகளையும் குதிரைகளையும் ஓட்டியவரைக் குறித்த ‘டீம்ஸ்டர்’, 1903இல் அமைந்த தொழிற்சங்கத்தின் பெயரில் நிலைத்து, இன்று லாரி ஓட்டுநர்களைக் குறிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது, தமிழில் எழுதினால் இதைப் போலவே ‘டீம்ஸ்டர்’ என்று வரும், ஆனால் ஆங்கிலத்தில் T-க்குப் பதிலாக D-இல் தொடங்கும் இன்னொரு சொல் (deemster). தீர்ப்பு வழங்குதல் என்ற பொருளுடைய பழைய வினையிலிருந்து அது பிறந்தது. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மேன் தீவில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் இன்றும் அப்பெயரால்தான் அழைக்கப்படுகின்றனர்.