டேப்பட் கவருக்கு சிவப்பு அடிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

பழைய காரை வீட்லயே வச்சுப் பாத்துக்கறவங்ககிட்ட இருந்து இந்த முறை வந்த கேள்வி எல்லாம் ஒரே பக்கம்தான் சுத்துது, பானெட்டைத் திறந்தா கண்ணுக்கு லட்சணமா இருக்கணும், அதை நாமளே பெயிண்ட் அடிச்சுக்கலாமான்னு. தாராளமா அடிக்கலாம். ஆனா பெயிண்டுக்கு ஒரு மணி நேரம்னா கழுவறதுக்கு ஒரு நாள் ஒதுக்கணும், அதுக்குத் தயாரா இருக்கறவங்க மட்டும் ஸ்பேனரை எடுங்க.

கேள்வி: சார், அப்பா வாங்கின 2009 மாடல் மாருதி 800 இப்ப என்கிட்ட இருக்கு. ஆயுத பூஜைக்குள்ள டேப்பட் கவரைக் கழட்டி சிவப்பு அடிச்சிடணும்னு ஆசை. கடையில ஸ்ப்ரே டப்பா வாங்கி அடிச்சா போதுமா, இன்ஜின் சூட்டுக்கு உரிஞ்சு வந்துடுமா? – வாசகர், திண்டுக்கல்

தம்பி, நல்ல ஆசை. இன்ஜின் தலைக்கு மேல மூடியா உக்காந்திருக்கே, அதுதான் டேப்பட் கவர். 1957ல ஃபெராரி 250 டெஸ்டா ரோஸான்னு ஒரு ரேஸ் கார் வந்துச்சு, அந்தப் பேருக்கு இத்தாலியன்ல சிவப்புத் தலைன்னு அர்த்தம், இன்ஜின் தலை மேல இருந்த கவருக்கு சிவப்பு அடிச்சிருந்ததாலதான் அந்தப் பேரே வந்துச்சு. நீங்க அப்பா காருக்கு அதையே செய்யப் போறீங்க, எனக்குக் கேக்கவே சந்தோஷமா இருக்கு.

சூட்டைப் பத்தி ரொம்ப பயப்படாதீங்க. இன்ஜினைக் குளிர வைக்கற கூலன்ட் ஓடறது 90 டிகிரி செல்சியஸ் பக்கம், டேப்பட் கவர் அதை ஒட்டித்தான் சுடும், கொஞ்சம் மேல போனாலும் 120ஐத் தாண்டறது அபூர்வம். இருந்தாலும் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கற சாதா ஸ்ப்ரே வேணாம், அது சூட்டுல இளகி ஆயில் பட்டா பிசுபிசுன்னு ஆயிடும். இன்ஜின் எனாமல்னு தனியா டப்பா வருது, 250 டிகிரி பக்கம் தாங்கும், அதை வாங்குங்க. நிறைய பேர் இன்னும் ஒரு படி மேல போய் 600 டிகிரின்னு போட்ட சைலன்சர் பெயிண்டை வாங்கிடறாங்க, அது இங்க தப்பு, ஏன்னா அந்த வகை பெயிண்ட் இறுகறதுக்கே 200 டிகிரி பக்கம் சூடு வேணும், டேப்பட் கவர்ல அவ்வளவு சூடு எந்தக் காலத்துலயும் வராது, அதனால கடைசி வரைக்கும் அரைவேக்காடாவே நின்னு பெட்ரோல் துணியால ஒரு தடவை துடைச்சதும் கையோட வந்துடும்.

உரியறதுக்குக் காரணம் பெரும்பாலும் சூடு இல்ல, எண்ணெய். வார்ப்பு அலுமினியத்துல கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், வருஷக் கணக்கா ஆயில் அதுக்குள்ள ஊறியிருக்கும். நான் முதல்ல அடிச்ச பத்மினி கார் கவரை மண்ணெண்ணெய்ல ஒரு தடவை கழுவிட்டு, பளபளன்னு இருக்கேன்னு நம்பி அடிச்சிட்டேன், இன்ஜின் சூடாக சூடாக உள்ள இருந்த ஆயில் வெளிய கசிஞ்சு ஒரே மாசத்துல பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பிடுச்சு. அதுக்கப்புறம் நான் செய்யறது இதுதான்: முதல்ல டீசல் இல்லேன்னா எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கற டிகிரீசர் போட்டு பிரஷ்ஷால தேய்ச்சு, அப்புறம் பாத்திரம் விளக்கற சோப்பு போட்டு வெந்நீர்ல கழுவி, வெயில்ல நல்லா சுட வச்சு, திரும்ப எண்ணெய் பூத்து வருதான்னு பாத்து, வந்தா மறுபடி கழுவி, வெள்ளைத் துணியில தின்னர் நனைச்சுத் துடைச்சா துணி வெள்ளையாவே வர்ற வரைக்கும் விடறதில்ல. மூணு சுத்து நாலு சுத்து ஆகும், ஆகட்டும்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, யாராவது காஸ்டிக் சோடா போட்டு ஊற வைங்க சீக்கிரம் போகும்னு சொன்னா கேக்காதீங்க. அது அலுமினியத்தையே அரிச்சுடும், கூடவே தீப்பிடிக்கற ஹைட்ரஜன் கேஸும் கிளம்பும். உங்க கவர் அலுமினியமா தகடான்னு சந்தேகம்னா ஒரு காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டினா இரும்புத் தகடு.

கழுவினப்புறம் 180 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 320. அலுமினியம் மேல காத்து பட்டாலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் வந்துடும், சாதா பிரைமர் அதுல பிடிக்காது, உலோகத்தை லேசா அரிச்சுப் பிடிச்சுக்கற எட்ச் பிரைமர்தான் வேணும், தேய்ச்ச அன்னிக்கே அடிச்சிடணும். ஆயில் கசியாம அடைக்கற கேஸ்கட் உக்கார்ற விளிம்பு, போல்ட் தலை உக்கார்ற இடம், ஆயில் மூடி மரை, உள்பக்கம் முழுசும், இதுல ஒரு சொட்டு பெயிண்ட் படக்கூடாது, மாஸ்கிங் டேப் போட்டு பிளேடால வெட்டி ஒழுங்கு பண்ணுங்க. போல்ட் உக்கார்ற இடத்துல பெயிண்ட் இருந்தா முறுக்கறப்ப நசுங்கி, பின்னாடி தேய்ஞ்சு போய் போல்ட் லூஸாயிடும்.

டப்பாவை ரெண்டு நிமிஷம் நல்லா குலுக்கி, ஒரு ஜாண் தூரத்துல இருந்து, முதல் கோட் தூவினா மாதிரி மட்டும், உலோகம் தெரிஞ்சா தெரியட்டும். பத்து நிமிஷம் விட்டு அடுத்தது, அப்புறம் இன்னொண்ணு. மூணு மெல்லிசு கோட்டுக்கு ஈடா ஒரு தடிச்ச கோட் என்னிக்குமே வராது, வழிஞ்சு நிக்கும். கவர்ல எழுத்து எழும்பியிருந்தா பெயிண்ட் நல்லா காஞ்சப்புறம் ஒரு மரக்கட்டையில 400 நம்பர் உப்புத்தாள் சுத்தி எழுத்து மேல மட்டும் லேசா தேய்ங்க, சிவப்புக்கு நடுவுல வெள்ளியா எழுத்து வர்றப்ப பாக்கணும் அதை.

மாட்டறப்ப புது கேஸ்கட் போட்டுடுங்க. இந்த சின்ன போல்டுக்கெல்லாம் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் முறுக்கு, பலத்தைக் காட்டாதீங்க. அப்புறம் ஆயுத பூஜைன்னு சொல்றீங்க, அது வர்ற நேரம் மழை ஆரம்பிக்கற காலம், காத்துல ஈரம் இருக்கறப்ப அடிச்சா பெயிண்ட் பால் ஊத்தின மாதிரி வெளுத்துடும், அதனால ஒரு மாசம் முன்னாடியே நல்ல வெயில் நாளாப் பாத்து முடிச்சிடுங்க. சந்தனம் குங்குமம் அது மேல வைங்க, ஆனா அன்னிக்கு சாயங்காலமே ஈரத்துணியால துடைச்சிடுங்க.

கேள்வி: அண்ணா, இவ்வளவு கழுவறதுக்கு, மணலை வேகமா பீச்சி சுத்தம் பண்ற சாண்ட் பிளாஸ்டிங் குடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிடுமே, எங்க ஊர்ல பட்டறைக்கு பஞ்சமே இல்ல, குடுக்கலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பிராக்கெட், பேட்டரி ட்ரே, ஹாரன் மாட்டற தகடு இதெல்லாம் தாராளமா குடுங்க, அப்படியே பெயிண்ட் பொடியைத் தூவி சூட்டுல உருக்கற பவுடர் கோட்டிங்கும் பண்ணிடலாம், 180, 200 டிகிரியில சுட்டு எடுக்கறதால வீட்ல அடிக்கற எதுவும் அந்த உறுதிக்கு வராது. ஆனா டேப்பட் கவரையும் இன்ஜினுக்குள்ள காத்து போற குழாயான இன்டேக் மேனிஃபோல்டையும் நான் குடுக்க மாட்டேன். டேப்பட் கவருக்கு உள்ள ஆயில் தெறிக்காம இருக்க ஒரு தகட்டை ரிவெட் பண்ணியிருப்பாங்க, அந்த இடுக்குல மணல் போய் உக்காந்தா எவ்வளவு காத்தடிச்சாலும் முழுசா வராது, வண்டி ஓடறப்ப சூடான ஆயில் அதைக் கழுவிக் கொண்டு போய் பேரிங்ல சேத்துடும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இப்படி ஒரு பட்டறையில குடுத்து வாங்கி மாட்டி, கொஞ்ச நாள்லயே இன்ஜினை இறக்க வேண்டியதாப் போச்சு, அவர் முகத்தைப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. அழகுக்காக செஞ்ச வேலை இன்ஜினையே சாப்பிடக் கூடாதுங்க.

கேள்வி: வணக்கம் சார், நான் அபார்ட்மென்ட்ல இருக்கேன், என் ஜென் காருக்கு சுருக்கம் சுருக்கமா வருமே அந்த ரிங்கிள் பெயிண்ட் அடிக்கணும். பால்கனியில அடிச்சு கேக் செய்யற ஓவன்ல சுட்டு எடுக்கலாமா? – வாசகி, நாகர்கோவில்

அடிக்கறது சரிம்மா, ஆனா சமையல் ஓவன் வேணவே வேணாம். பெயிண்ட் சூடாகறப்ப வர்ற ஆவி ஓவன் சுவர்ல படிஞ்சு நிக்கும், அதுல அப்புறம் குழந்தைகளுக்கு எதுவும் செஞ்சு குடுக்க முடியாது. பழைய ஓடிஜி (சின்ன மின்சார ஓவன்) ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கி அதை இதுக்குன்னே தனியா வச்சுக்குங்க, வீட்டுக்குள்ள வைக்காதீங்க.

ரிங்கிள் பெயிண்டுக்கு மத்த பெயிண்டோட நியாயம் செல்லாது, இதுல தடிச்சுத்தான் அடிக்கணும். முதல் கோட் இடமிருந்து வலமா, அஞ்சு நிமிஷம் விட்டு ரெண்டாவது மேலிருந்து கீழா, மூணாவது மூலைக்கு மூலை சாய்வா. அப்புறம் மெல்ல சூடு காட்டினா சுருக்கம் ஒரே சீரா எழும்பும், ஹேர் டிரையரே போதும், ஆனா அடிச்ச உடனே காட்டாதீங்க, ஆவி அடங்கட்டும். கோட் ஒரு இடத்துல மெல்லிசா போயிட்டா அந்த இடம் மட்டும் வழுவழுன்னு நின்னுடும்.

பால்கனின்னதும் எனக்கு ஒரு கவலை. ஸ்ப்ரே டப்பாவுல அழுத்தத்துக்கு இருக்கற கேஸ் பெரும்பாலும் எல்பிஜி வகைதான், காத்தை விட கனம், தரையோட ஓடி சமையலறைக்குள்ளயே வரும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது. துணி மாஸ்க் பெயிண்ட் ஆவியைத் தடுக்காது, கரி ஃபில்டர் வச்ச மாஸ்க் வாங்குங்க. ஹார்ட்னர் கலக்கற 2கே கிளியர் கோட்டை மட்டும் அபார்ட்மென்ட்ல தொடவே தொடாதீங்க, அதுல இருக்கற ஐசோசயனேட்ங்கற ரசாயனம் ஆஸ்துமாவையே கொண்டு வரும், அக்கம்பக்கத்துலயும் சின்னப் பிள்ளைங்க இருப்பாங்க.

கேள்வி: இன்ஜின் ரூம் சுவர் முழுக்க மங்கிப் போய் பேட்டரிக்கு அடியில துரு வேற. 15 வருஷம் முடிஞ்சு ஆர்சி புதுப்பிக்கவும் போகணும். எல்லாத்தையும் ஒரே கருப்பா அடிச்சிடட்டுமா? – வாசகர், திருவள்ளூர்

ஐயா, அடிக்கறதுக்கு முன்னாடி சேசிஸ் நம்பர் எங்க வெட்டியிருக்குன்னு தேடிப் பிடிச்சு அதை டேப் போட்டு மூடிடுங்க. ஆர்டிஓ ஆபீஸ்ல அதை நேர்ல பாப்பாங்க, பேப்பர் வச்சு பென்சிலால தேய்ச்சு அச்சும் எடுப்பாங்க, எழுத்து பெயிண்ட்ல அடைஞ்சிருந்தா தேவையில்லாத சந்தேகம். அதைச் சுரண்டப் போனா இன்னும் மோசம்.

பேட்டரிக்கு அடியில இருக்கறது ஆசிட் துரு. பேட்டரியை இறக்கிட்டு ஆப்ப சோடாவைத் தண்ணியில கரைச்சு ஊத்துங்க, நுரைக்கறது நிக்கற வரைக்கும். அப்புறம் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, துருவை மாத்தற திரவம் தடவி, எபாக்ஸி பிரைமர், அதுக்கு மேல கருப்பு. ஆசிட்டை அப்படியே விட்டு மேல பெயிண்ட் அடிச்சா உள்ள தின்னுக்கிட்டேதான் இருக்கும்.

எர்த் வயர் பாடியில உக்கார்ற இடத்தை எல்லாம் பளிச்சுனு வெறும் இரும்பா விடுங்க. அங்க பெயிண்ட் போயிட்டா ஸ்டார்ட்டர் சோம்பும், லைட் மங்கும், எலக்ட்ரீஷியன் ரெண்டு நாள் தேடுவார். பிரேக் ஆயில் டேங்க் சுத்தியும் ஜாக்கிரதை, அந்த ஆயில் ஒரு சொட்டு சிந்தினாலே புது பெயிண்ட் கழண்டு வந்துடும், சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

கேள்வி: ரேடியேட்டர், ரப்பர் ஹோஸ், இன்ஜின் புகை வெளிய போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், இதுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கலாமா? – வாசகர், தஞ்சாவூர்

ரேடியேட்டருக்கு கருப்பு, ஒரே ஒரு மெல்லிய கோட், ஃபின்னுங்கற மெல்லிய தகடுகளுக்கு நடுவுல அடைஞ்சா சூடு வெளிய போகாது. ஹோஸும் பெல்ட்டும் வேணாம், வெடிப்பு விட்டா பெயிண்ட் அதை மறைச்சிடும், நடு ரோட்டுலதான் தெரிய வரும். மேனிஃபோல்டுக்குத்தான் அந்த 600 டிகிரி பெயிண்ட், வெறும் இரும்பு வரைக்கும் தேய்ச்சுட்டு சாதா பிரைமர் போடாம நேரா அடிங்க, மாட்டினதும் பத்து நிமிஷம் ஓட விட்டு ஆற விட்டு, மறுபடி கொஞ்சம் அதிக நேரம் ஓட விட்டு ஆற விட்டு, டப்பாவுல போட்டிருக்கற கணக்குப்படி சூடேத்துங்க. முதல் தடவை புகை வரும், ஷெட் கதவை முழுசா திறந்து வச்சுட்டு வெளிய நில்லுங்க.