செம்புத் தாதை உருக்குவதற்கு முன்பே அதிலுள்ள நச்சுத் தனிமமான ஆர்செனிக்கை எடுத்துவிட முடியாதா?

எடுக்கலாம், ஆனால் முதலில் தோன்றும் வழியில் இல்லை. பள்ளியில் படித்த நுரை மிதப்பு முறையிலேயே கழித்துவிடலாமே என்று கேட்பீர்கள். சிக்கல் என்னவென்றால், எனர்கைட் என்ற கனிமத்தில் ஆர்செனிக்கும் செம்பும் கந்தகமும் ஒன்றாகப் பிணைந்தே கிடக்கின்றன. எடையில் சுமார் 48% செம்பு, 19% ஆர்செனிக். அதைத் தள்ளினால் செம்பும் கூடவே போய்விடும். போதாக்குறைக்கு, நுரையில் அது, செம்பின் முக்கியத் தாதுவான சால்கோபைரைட் மாதிரியே மிதக்கும்.

அதனால் வறுக்கிறார்கள். சிலியில் காலாமா பக்கம் கொடெல்கோ நிறுவனத்தின் மினிஸ்ட்ரோ ஆலெஸ் சுரங்கத்தில் இதற்கென்றே ஓர் உலை இருக்கிறது. அடியிலிருந்து காற்று ஊத ஊத, பொடித்த தாது கொதிக்கிற கஞ்சி போலப் புரண்டுகொண்டே இருக்கும், சூடு 700 டிகிரியை ஒட்டி. தாதிலுள்ள கந்தகமே எரிந்து அந்தச் சூட்டைக் கொடுத்துவிடும். இதில் காற்றின் அளவுதான் எல்லாமே. தாராளமாக விட்டால் இரும்பு ஆக்சைடாகி ஆர்செனிக்கைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அது இரும்பு ஆர்செனேட்டாக உள்ளேயே உட்கார்ந்துவிடும், அசையாது. கொஞ்சம் பற்றாக்குறையாக விட்டால்தான் ஆர்செனிக் சல்பைடு ஆவியாகக் கிளம்பும், பெரும்பகுதி போய்விடும். கந்தகம் முழுக்க எரிந்துவிடவும் கூடாது, உருக்காலைக்குக் கொஞ்சம் மிச்சம் வேண்டும். வெளியேறும் ஆவியைத் தனியாக எரித்து ஆக்சைடாக்கி, குளிரவைத்துப் பிடிக்கிறார்கள். கந்தக டை ஆக்சைடு அமில ஆலைக்குப் போகும்.

சில தாதுகளில் ஆர்செனிக்கோடு சேர்ந்து வரும் ஆன்டிமனி என்ற தனிமம் இதில் அரைகுறையாகத்தான் போகும். அது அதிகமென்றால் சோடியம் சல்பைடு கலந்த காரக் கரைசலில் கரைத்தெடுப்பார்கள். அமெரிக்காவின் ஐடஹோவில் சன்ஷைன் சுரங்கத்தில் இப்படித்தான் செய்தார்கள்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. 0.5 சதவீதத்துக்கு மேல் ஆர்செனிக் உள்ள அடர்தாதை (கழிவு நீக்கிச் செறிவாக்கிய தாதை) சீனா இறக்குமதிக்கு அனுமதிப்பதில்லை, அதற்குக் குறைவாக இருந்தாலும் உருக்காலைகள் விலையில் அபராதம் பிடிக்கும். நிறையப் பேர் வறுக்காமல், சுத்தமான தாதோடு கலந்து அளவைக் குறைத்து விற்கிறார்கள். என்னைக் கேட்டால் அது சுத்திகரிப்பே இல்லை, வெறும் கணக்குச் சரிக்கட்டல், ஒரு கிராம் ஆர்செனிக் கூட எங்கும் குறையவில்லை.

சரி, வறுத்துப் பிடித்ததை என்ன செய்வது? அந்த ஆக்சைடு, அதாவது ஆர்செனிக் ட்ரைஆக்சைடு, தண்ணீரில் கரையும், முன்பு மரத்துக்குப் பூசும் மருந்து, கண்ணாடி என்று இருந்த சந்தையும் சுருங்கிவிட்டது. இரும்போடு சேர்த்து ஸ்கோரொடைட் என்ற, எளிதில் கரையாத திண்மமாக்கிக் கிடங்கில் போடுவதே இப்போதைக்கு இருப்பதில் நல்ல வழி. அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு சுரங்கம் கட்டுபடியாகுமா என்று தெரியும்.