பத்து கேலக்ஸிகளா, ஒரு கேள்வியா?

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இது எனக்கு இரண்டாம் ஆண்டு. அருகிலுள்ள குள்ள கேலக்ஸிகளில் விண்மீன்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதைப் பார்க்கிறேன். அடுத்த சுற்றில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பிக்க ஆசை. பத்து கேலக்ஸிகளைப் படமெடுப்பதாகத் திட்டம். "இவ்வளவு சீக்கிரம் எதற்கு?" என்கிறார் என் கைடு. எங்கள் துறையின் பெயரே வெளியில் யாருக்கும் தெரியாது. பெரிய குழுக்களோடு போட்டி போட்டு எங்களுக்குக் கிடைக்குமா? எங்கிருந்து தயாராவது?

ஓர் ஆய்வு மாணவி

*

அன்புள்ள மாணவிக்கு,

விண்ணப்பியுங்கள். ஆனால் அந்தப் பத்து கேலக்ஸிகளோடு வேண்டாம்.

முதலில் பெயர் பற்றிய கவலை. வெப், ஹபிள் இரண்டிலும் விண்ணப்பத்தைப் படிப்பவர்களுக்கு அதை எழுதியது யார், எந்த ஊர், எந்தத் துறை என்பது தெரியாது. ஹபிள் தொலைநோக்கிக்கு 2018-இல் இந்த முறை வந்தது. அதுவரை பெண்கள் தலைமையேற்ற விண்ணப்பங்கள் தேர்வாகும் விகிதம் ஆண்களுடையதைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்துவந்தது. பெயரை மறைத்த முதல் சுற்றிலேயே அது சற்று முந்தியது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: "எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி" என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். உங்கள் கட்டுரையையும் அடுத்தவர் கட்டுரையைப் போலவே குறிப்பிடுங்கள்.

போட்டி கடுமைதான். 2024 அக்டோபரில் விண்ணப்பக் கெடு முடிந்த வெப்பின் நான்காம் சுற்றுக்கு 2,377 விண்ணப்பங்கள் வந்தன. கேட்ட நேரம் ஏறக்குறைய 78,000 மணி. இருந்ததைப் போல ஒன்பது மடங்கு. நல்ல விண்ணப்பங்களே ஏராளமாகத் திரும்பிப் போகின்றன. அதனால் "சுவாரசியமான பொருள், பார்த்தால் ஏதாவது தெரியவரும்" என்ற வகை விண்ணப்பம் நிற்காது. எந்த விடை வந்தாலும் நமக்கு ஒரு விஷயம் தெளிவாக வேண்டும்; அப்படிப்பட்ட கேள்வியோடு போக வேண்டும்.

டிராப்பிஸ்ட்-1சி என்ற கோளை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் ஒரு சிறு சிவப்பு விண்மீனைச் சுற்றுகிறது. வெள்ளிக்கு எவ்வளவு வெப்பம் கிடைக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவே அதற்கும் கிடைக்கிறது. அப்படியானால் வெள்ளியைப் போலவே அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு போர்த்தியிருக்கிறதா? அந்த வாயு 15 மைக்ரான் அலைநீளத்தில் ஒளியை விழுங்கும். கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது மொத்த ஒளி எவ்வளவு குறைகிறது என்று அந்த அலைநீளத்தில் அளந்தால் போதும்: வாயு அடர்த்தியாக இருந்தால் குறைவது கொஞ்சமாக இருக்கும், வெறும் பாறையென்றால் அதிகமாக இருக்கும். ஆய்வாளர்கள் வெப்பைக் கொண்டு நான்கு மறைவுகளை அளந்தார்கள். பகல் பக்கத்தின் வெப்பநிலை சுமார் 380 கெல்வின் (ஏறக்குறைய 107 டிகிரி செல்சியஸ்) என்று வந்தது. வெள்ளியைப் போன்ற அடர்த்தியான போர்வைக்கு அங்கே வாய்ப்பு குறைவு என்று 2023-இல் வெளியிட்டார்கள். போர்வை இருக்கிறது என்று வந்திருந்தாலும் அதே அளவுக்குப் பெரிய செய்திதான். வேறு எந்தத் தொலைநோக்கியாலும் அதை அளந்திருக்க முடியாது. மதிப்பீட்டுக் குழுவில் கேலக்ஸி ஆய்வாளர் ஒருவர் இருந்தாலும் அவருக்கும் இந்தக் கேள்வி ஒரே வாசிப்பில் புரியும்.

சரி, உங்கள் குள்ள கேலக்ஸிகளுக்கு வருவோம். ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் குறைவாக உள்ள கேலக்ஸிகளில், பி.ஏ.எச். எனப்படும் கரிம வளைய மூலக்கூறுகளின் ஒளி மங்கலாக இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஏன்? அவை அங்கே சரியாக உருவாகவே இல்லையா, அல்லது உருவானவற்றைக் கடுமையான புற ஊதா ஒளி சிதைத்துவிடுகிறதா? சிதைவுதான் காரணம் என்றால் பெரிய இளம் விண்மீன்களுக்கு அருகே மங்கலாகவும், வாயுவின் மறைவில் பிரகாசமாகவும் தெரிய வேண்டும். உருவாகவே இல்லையென்றால் எங்கு பார்த்தாலும் மங்கல்தான். இதைப் பிரித்தறிய வெப்பின் மிரி என்ற அகச்சிவப்புக் கருவியில் 7.7 மைக்ரான் வடிகட்டியும், நன்றாகத் தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டு கேலக்ஸிகளும் போதும். பத்து எதற்கு?

பத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. ஒவ்வொரு புது இலக்குக்கும் தொலைநோக்கி திரும்புவதற்கென்றே அரை மணி நேரம் உங்கள் கணக்கில் ஏறும். பத்து இலக்கு என்றால் ஒரு ஃபோட்டான்கூடச் சேர்க்காமலே ஐந்து மணி நேரம் போய்விடும். எக்ஸ்போஷர் நேரத்தை, அதாவது எவ்வளவு நேரம் ஒளியைச் சேர்க்க வேண்டும் என்பதை, கணக்கிடும் மென்பொருளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இன்றே திறந்து உங்கள் கேலக்ஸியின் பிரகாசத்தைக் கொடுத்துப் பாருங்கள். பின்னணி ஒளியின் இரைச்சலே மேலோங்கும் இடத்தில், சிக்னல் இருமடங்கு தெளிவாக வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்கு ஆகும். ஆகவே எவ்வளவு தெளிவு தேவை, ஏன் அவ்வளவு, அதற்குக் குறைந்தால் எந்த முடிவு சரிந்துபோகும் என்பதை எழுத்தில் சொல்லியாக வேண்டும். பல விண்ணப்பங்களில் இந்த ஒரு பத்திதான் பலவீனமாக இருக்கும்.

வெப் தன் சூரியக் கவசத்துக்குப் பின்னால் ஒளிந்தே பார்க்கிறது. எந்த நேரத்திலும் அதற்கு வானத்தில் சுமார் 39 சதவீதம்தான் எட்டும். வானத்தில் சூரியன் நகரும் பாதைக்கு அருகே இருக்கும் இலக்கென்றால் ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஐம்பது நாள் அளவில்தான் கிடைக்கும். உங்கள் கேலக்ஸி எப்போது எட்டும் என்பதை ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், காப்பகம். வெப் எடுத்த தரவுகளில் பெரும்பகுதி, சில உடனேயும் மற்றவை வழக்கமாக ஓராண்டு கழித்தும், எல்லோருக்கும் திறந்துவிடப்படுகிறது. நீங்கள் கேட்கப்போவதை யாராவது ஏற்கெனவே எடுத்திருந்தால், இன்னொரு முறை ஏன் என்று விளக்கம் சொல்ல வேண்டிவரும். எடுத்திருந்தால் நல்லதுதான். அதே வடிகட்டியில் வேறொரு குள்ள கேலக்ஸியின் படத்தை இறக்கி, பின்னணியை நீக்கி, மேலே சொன்ன இரண்டு சாத்தியங்களில் எது தெரிகிறது என்று பாருங்கள். அந்தப் படத்தில் எது போதவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும்போது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுவது எளிதாகும்.

கைடு சொன்னதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்வியை அரைப் பக்கத்தில் எழுதி, எக்ஸ்போஷர் கணக்கையும் சேர்த்து அவர் முன்னால் வையுங்கள். உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொருவரிடமும் அதே அரைப் பக்கத்தைக் கொடுங்கள். அவர் எந்த வரியில் நின்றுவிடுகிறாரோ அங்கிருந்து திருத்த ஆரம்பியுங்கள்.